டிஜிட்டல் மானிடவியல் படிக்க நினைக்கும் பொறியாளருக்கு

கணினிப் பொறியியல் முடித்து, சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் மூன்றாண்டுகளாக வேலை பார்க்கும் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். டிஜிட்டல் மானிடவியலில் முதுநிலைப் பட்டம் படிக்க அவருக்கு ஆசை. அதில் என்னதான் கற்றுத்தருகிறார்கள், பொறியியல் படித்தவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா, வெளிநாடு போகத்தான் வேண்டுமா, முடித்த பிறகு பிழைப்புக்கு வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள். வீட்டில் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இத்துறையில் பல ஆண்டுகளாக மாணவர்களோடு பழகி வருபவன் என்ற முறையில் விரிவாகவே சொல்கிறேன்.

சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் படிப்புக்கு வருபவர்களில் இளநிலையில் மானிடவியல் படித்தவர்கள் ஒரு பகுதியினர்தான். வடிவமைப்பு, இதழியல், கணினி, சட்டம் என்று பல திசைகளிலிருந்தும் வருகிறார்கள். தமிழ்நாட்டின் சமூக ஊடகப் பழக்கங்களைக் களத்தில் தங்கி ஆராய்ந்த ஸ்ரீராம் வெங்கட்ராமனே புள்ளியியலில் பயிற்சி பெற்று, அமெரிக்காவில் பெரிய வணிக நிறுவனம் ஒன்றில் பொறுப்பில் இருந்துவிட்டு, அதன் பிறகு மானிடவியலுக்கு வந்தவர். ஆகவே உங்கள் பட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் யோசிக்க வேண்டியது உங்கள் இயல்பைப் பற்றி.

மானிடவியலுக்கு உயிர் களப்பணி. ஒரு மக்கள் கூட்டத்தோடு போய்த் தங்கி, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்கள் செய்வதைக் கூடவே இருந்து செய்து, அவர்களுக்கே சொல்லத் தோன்றாத வழக்கங்களையும் கண்டு எழுதுவது. மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1915 முதல் 1918 வரை நியூ கினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கிச் செய்த காலத்திலிருந்து இந்த முறையின் சாரம் மாறவில்லை. டிஜிட்டல் மானிடவியல் அதே முறையைக் கைப்பேசியும் செயலியும் அல்காரிதமும் புழங்கும் இடங்களுக்குக் கொண்டுபோகிறது. எனவே தொழில்நுட்பத்தின் மீது ஆசை இருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாமல் முன்பின் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்ப வேண்டும். ஒப்பாதவர்களுக்குத் தரவு அறிவியல், ஊடகவியல், தொழில்நுட்பக் கொள்கை என்று நல்ல படிப்புகள் வேறு இருக்கின்றன. அவற்றில் சேர்ந்தால் அவர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

நீங்கள் சோதனைப் பிரிவில் இருப்பதால் உங்களுக்கு உடனே பிடிபடக்கூடிய ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் உள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் வேலை பார்த்தார். அந்நிறுவனம் ஒரு பெரிய நகலெடுக்கும் இயந்திரத்தைச் சந்தைக்கு அனுப்பியிருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும், அவ்வளவு எளிது என்பது விளம்பரம். வாங்கியவர்களோ இதைப் பயன்படுத்தவே முடியவில்லை என்றார்கள். சச்மன் அதே இயந்திரத்தை ஆராய்ச்சி மையத்துக்குள் கொண்டுவந்து வைத்து, இருவர் இருவராக அழைத்து, சில நகல்களை எடுக்கச் சொல்லி வீடியோவில் பதிவு செய்தார். இருவராக அழைத்ததில் ஒரு நுட்பம் உண்டு. தனியாக ஒருவர் நின்றால் மனதுக்குள் குழம்புவார். இருவர் என்றால் வாய்விட்டுப் பேசிக்கொள்வார்கள்.

பின்னர், அடுத்த படியைத் திரையில் சொல்லித்தரும் கணினி உதவி அமைப்பை நகலெடுக்கும் இயந்திரத்தோடு இணைத்து அதே போல் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை அவர் எழுத்தாக்கிய விதம்தான் இன்றும் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. பக்கத்தை நெடுக்குவாட்டில் பத்திகளாகப் பிரித்தார். இயந்திரத்தின் கண்ணுக்கே படாத செயல்களுக்கு ஒரு பத்தி: அவர்கள் பேசிக்கொண்டது, தயங்கியது, குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டது. இயந்திரம் அறியக்கூடிய செயல்களுக்கு இன்னொரு பத்தி: பொத்தான் அழுத்தப்பட்டது, மூடி திறக்கப்பட்டது. அடுத்த பத்திகளில் இயந்திரம் திரையில் காட்டியதும், வடிவமைத்தவர்கள் அதற்கு வைத்திருந்த காரணமும். முதல் பத்தி நிரம்பி வழிகிறது. இரண்டாவது பத்தியில் ஆங்காங்கே ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இயந்திரம், இவர்கள் இப்போது இந்தப் படியில் இருக்கிறார்கள் என்று ஊகித்து அடுத்த கட்டளையைத் தருகிறது. முதல் பதிவுகளில் திணறியவர்களில் பெயர்பெற்ற கணினி அறிவியலாளர்களும் இருந்தார்கள் என்பதால், பயனாளர்களுக்குத் தெரியவில்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1987இல் இது புத்தகமாக வந்தது. மென்பொருள் தன் செயல்களைத் தானே பதிந்துவைக்கும் லாக் கோப்பை நீங்கள் அன்றாடம் திறந்து பார்க்கிறீர்களே, அதுதான் அந்த இரண்டாவது பத்தி. முதல் பத்தியை எழுதக் கற்றுத்தருவது இந்தப் படிப்பு.

இனி, நீங்கள் முதல் பருவத்திலேயே சந்திக்கப்போகும் ஒரு பெரிய விவாதம். மானிடவியலாளர் டேனியல் மில்லரும் சமூகவியலாளர் டான் ஸ்லேட்டரும் கரீபியக் கடலிலுள்ள டிரினிடாட் தீவில் இணையப் பயன்பாட்டை ஆராய்ந்து 2000இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அப்போது உலகமெங்கும் பேச்சு, இணையம் ஒரு தனி மாய வெளி, அங்கே மனிதர்கள் தங்கள் ஊரையும் அடையாளத்தையும் கழற்றி வைத்துவிடுவார்கள் என்பதாக இருந்தது. இவர்கள் கண்டதோ நேரெதிர். டிரினிடாட்காரர்கள் இணையத்துக்குள் போய் இன்னும் அழுத்தமான டிரினிடாட்காரர்களானார்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் சிதறிக் கிடந்த உறவுகளைத் திரும்பப் பிடித்தார்கள், தங்கள் ஊர்க் கேலிப் பேச்சை அரட்டை அறைகளுக்குள் கொண்டுபோனார்கள். ஆகவே இணையத்தை ஆராய வேண்டுமென்றால் ஓர் ஊரிலிருந்து தொடங்கு என்பது அவர்கள் நிலைப்பாடு.

டாம் பெல்ஸ்டோர்ஃப் என்ற மானிடவியலாளர் இதற்கு மறுப்பாக வேறொரு வழியில் போனார். 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்துக்குள் ஓர் உருவம் எடுத்துக்கொண்டு, அங்கேயே வீடு கட்டி, 2004 முதல் 2007 வரை முழுக்க முழுக்க அதற்குள்ளேயே களப்பணி செய்தார். உள்ளே பழகியவர்கள் வெளியே யார் என்று தேடிப் போகவில்லை. டிரோபிரியாண்ட் தீவுக்காரர்களின் வாழ்வை அவர்கள் வழக்கப்படியே புரிந்துகொள்ளலாம் என்றால், இந்த உலகத்தையும் அதன் வழக்கப்படியே புரிந்துகொள்ள முடியும் என்பது அவர் வாதம். அங்கே நட்பும் நிலமும் சண்டையும் துக்கமும் இருந்தன. அவை போலியானவை என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்று கேட்டார்.

இரண்டையும் படித்துவிட்டு ஒரு பக்கம் சாயாமல் கட்டுரை எழுத முடியாது. நான் மில்லர் பக்கம்தான் சாய்வேன், குறிப்பாக இந்தியாவைப் பற்றிப் பேசும்போது. கைப்பேசி இங்கே பல வீடுகளில் ஒருவருடைய தனி உடைமையாக இருப்பதில்லை. அண்ணன் பார்க்கிறான், மாமியார் வைத்திருக்கிறார், குழந்தை விளையாடுகிறது. திரைக்குள் மட்டும் பார்ப்பவர் அந்தக் கைகளைத் தவறவிட்டுவிடுவார். ஆனால் இணைய விளையாட்டுகளையோ, பெயர் மறைத்து இயங்கும் குழுக்களையோ ஆராய்பவருக்கு பெல்ஸ்டோர்ஃப் இல்லாமல் நகர முடியாது. 'அனானிமஸ்' என்ற முகமூடி ஹேக்கர் குழுவோடு ஆண்டுக்கணக்கில் அரட்டை அறைகளில் பழகி எழுதிய கேப்ரியெல்லா கோல்மனின் களம் அப்படிப்பட்டது.

கோட்பாடு என்றால் வறண்டது என்று நினைத்துவிடாதீர்கள். மிர்கா மதியனுவும் மில்லரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் செவிலியராகவும் வீட்டுப் பணியாளராகவும் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தாய்மார்களும், ஊரில் பாட்டியிடமும் அத்தையிடமும் வளரும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் அதில் வருபவர்கள். இரண்டு பக்கமும் போய்க் கேட்டார்கள். கடிதமும் ஒலிநாடாவும் போய் அலைபேசியும் வெப்கேமும் வந்தபோது, மறுபடியும் தாயாகிவிட்டோம் என்று பல தாய்மார்கள் உணர்ந்தார்கள். பிள்ளைகள் பக்கம் போனால் கதை வேறு. சிலருக்கு அது அன்பாக இருந்தது. சிலருக்கு, சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய், ஏன் பதில் இல்லை என்று தொடரும் கண்காணிப்பாக இருந்தது. தாய்மார்களை மட்டும் பேட்டி கண்டிருந்தால் தொழில்நுட்பம் குடும்பத்தைச் சேர்த்துவைத்தது என்ற நல்ல செய்தியோடு ஆய்வு முடிந்திருக்கும்.

அந்த ஆய்வு தந்த முக்கியமான கருத்து ஒன்று உண்டு. அழைப்புக் கட்டணம் பெரும் சுமையாக இருந்தவரை, எந்த வழியில் தொடர்பு கொள்வது என்பதைக் காசு தீர்மானித்தது. பல வழிகளும் ஏறக்குறைய இலவசமாகக் கையில் கிடைத்தபின், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாய் என்பதே ஒரு செய்தியாகிவிடுகிறது. அதற்கு நீ பொறுப்பாளியாகிவிடுகிறாய். தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத சம்பந்தியைப் பற்றி எத்தனை வீடுகளில் பேச்சு நடக்கிறது! இறப்புச் செய்தியைக் குழுவில் போட்டுவிட்டு, பெரியப்பாவுக்குத் தனியாக அழைத்துச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்திருக்கும் இந்த விஷயத்தை, யார் யாரிடம் எதை எந்த வழியில் சொல்லலாம் என்ற விதிகளாகப் பொறுமையாகத் திரட்டி எழுதுவதுதான் மானிடவியலாளரின் வேலை.

உங்களுக்கு மிக அருகில் உள்ள ஆய்வுக்கு வருகிறேன். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் மில்லர் தலைமையில் 2012இல் 'ஒய் வீ போஸ்ட்' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் நிதி தந்தது. ஒன்பது மானிடவியலாளர்கள், ஒன்பது ஊர்கள்: பிரேசில், சிலி, டிரினிடாட், இங்கிலாந்து, இத்தாலி, துருக்கி, சீனாவில் இரண்டு, தமிழ்நாட்டில் ஒன்று. ஒவ்வொருவரும் தம் ஊரில் 15 மாதங்கள் தங்கினார்கள். தமிழ்நாட்டுக் களம், சென்னைக்கு அருகே தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்து இறங்கிய கிராமங்களின் தொகுப்பு. வெங்கட்ராமன் அதற்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் சூட்டினார். வயலும் குடிசையும் ஒரு பக்கம், கண்ணாடிக் கட்டடமும் அடுக்குமாடியும் மறு பக்கம். நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் நிலப்பரப்பு போன்றதுதான்.

அவர் எழுதியதில் உங்களைப் போன்றவர்களைப் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. நிறுவனங்கள் அலுவலக நேரத்தில் சமூக ஊடகத்தைத் தடுக்கின்றன. ஊழியர்களோ சொந்தக் கைப்பேசியில் வீட்டோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மேலாளர் இதை ஒழுங்கீனமாகப் பார்க்கலாம். வெங்கட்ராமன் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தார். வேளாண் கிராமத்தில் வீடும் வேலையும் என்றுமே இரு துண்டாக இருந்ததில்லை. அவற்றைக் கத்தரித்துப் பிரித்தது நவீன அலுவலகம். ஊழியர்கள் சமூக ஊடகத்தைக் கொண்டு செய்வது, பிரிக்கப்பட்டதைத் திரும்பத் தைக்கும் வேலை. பழையது என்று நாம் நினைப்பது புதிய கருவிக்குள் எப்படித் தொடர்கிறது என்பதே அந்த நூல் முழுக்க ஓடும் இழை. தெருவில் சினிமா, அரசியல், தெய்வப் படங்கள் ஆண்ட சுவர்கள் அப்படியே முகநூல் பக்கங்களாகத் தொடர்வதையும், சாதி, வர்க்கம், பெண் என்ற வேறுபாடுகள் திரைக்குள் கரைந்துவிடாமல் நீடிப்பதையும் அவர் காட்டுகிறார்.

அதே ஆய்வில் ஷின்யுவான் வாங் சீனத் தொழிற்சாலை நகரம் ஒன்றில் இடம்பெயர்ந்த தொழிலாளர்களோடு வாழ்ந்தார். கிராமத்திலிருந்து ஆலைக்கு ஒரு குடிபெயர்வு, நேர் வாழ்விலிருந்து இணையத்துக்கு இன்னொரு குடிபெயர்வு என இரண்டு ஒரே சமயத்தில் நடப்பதாக அவர் கண்டார். நகர வாழ்வைத் தேடி வந்த இளைஞர்கள் அதை ஆலை நகரத்தில் பெறவில்லை, கைப்பேசிக்குள் பெற்றார்கள். ஒரே கருவி ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொன்றாக ஆகிவிடுகிறது என்று இந்த ஒன்பது நூல்களையும் சேர்த்துப் படித்தால் புரியும். பள்ளிப் பிள்ளைகளின் கேலிப் பேச்சு ஒரு சமூக ஊடகத் தளத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே மாறிப்போவதையும் இந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே தளம் மூடப்பட்டால் ஆய்வு வீணாகிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. வெங்கட்ராமன் களத்தில் இருந்தது 2016இல் மலிவு விலை டேட்டா வருவதற்கு முன்பு. நூலில் உள்ள சில பழக்கங்கள் இன்று இல்லை. கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

இந்த நூல்கள் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் பதிப்பகமான யூசிஎல் பிரஸ் வெளியீடுகள். முழுவதையும் இலவசமாகத் தரவிறக்கலாம். தமிழ்நாடு நூல் 2017இல் வந்தது. 2016இல் இந்த ஆய்வை ஒட்டி வெளியிட்ட இலவச இணையப் பாடம் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் வந்தது. ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பு, ஒரு நூலையாவது கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள். நடுவில் சலிப்புத் தட்டினால், அது உங்களுக்கு மிகப் பயனுள்ள தகவல்.

படிப்பு எப்படி நடக்கும்? யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் 2009 முதல் டிஜிட்டல் மானிடவியலுக்கென்றே ஓராண்டு முதுநிலைப் பட்டம் இருக்கிறது. பிரிட்டிஷ் முதுநிலைப் படிப்புகளின் பொதுவான ஓட்டம் அதற்கும் பொருந்தும். இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை வகுப்புகள், வாராவாரம் வாசிப்பு, கருத்தரங்கு, கட்டுரைகள். கோடையில் சொந்தக் களப்பணி, அதை வைத்து ஆய்வேடு, செப்டம்பர் வாக்கில் சமர்ப்பிப்பு. களத்துக்கென்று கிடைப்பது சில வாரங்கள்தான். 15 மாதங்கள் தங்கி எழுதிய நூல்களைப் படித்துவிட்டு, சில வாரங்களில் அதே போல் செய்ய வேண்டும் என்று மாணவர்கள் தவிப்பதைப் பார்க்கிறேன். ஓராண்டுப் பட்டம் உங்களை முழு மானிடவியலாளர் ஆக்காது. பார்க்கவும் கேட்கவும் குறிப்பெடுக்கவும் பழக்கும். தொடர்ந்து போக வேண்டுமா என்று நீங்களே முடிவெடுக்க உதவும். முழுமையான களப்பணி முனைவர் பட்டத்தில்தான்.

வகுப்பறையில் எவ்வளவு பேசினாலும் களத்தில் கையைச் சுடுவது அறம் பற்றிய சிக்கல்கள்தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் உங்களைச் சேர்த்துவிடுகிறார். அவர் சம்மதித்தார், மற்ற 200 பேர் சம்மதிக்கவில்லை. யாரோ ஒருவர் பொதுவெளியில் போட்ட பதிவை அப்படியே மேற்கோள் காட்டினால், பெயரை மறைத்தாலும் தேடுபொறியில் அந்த வாக்கியத்தைப் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் பலரும் வாசகத்தை மாற்றி எழுதுகிறார்கள், ஊருக்கே புனைபெயர் தருகிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஒருவரைக் காதலிக்கும் பெண் தன் கைப்பேசியை உங்களிடம் நீட்டிக் காட்டும்போது, அதை எழுதினால் அவளுக்கு என்ன நேரும் என்று யோசிக்காமல் எழுதுபவர் இந்தத் துறைக்கு வரக்கூடாது. இணைய ஆய்வாளர் சங்கம் 2002, 2012, 2019 என்று மூன்று முறை நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. படியுங்கள். ஆனால் எந்த விதித்தொகுப்பும் அந்தப் பெண்ணின் வீட்டை உங்கள் அளவுக்கு அறிந்திருக்காது.

வேறு எங்கே படிக்கலாம்? ஆக்ஸ்போர்டு இணையக் கழகத்தில் இணையத்தின் சமூக அறிவியல் பற்றிய முதுநிலைப் பட்டம் உண்டு. அதில் அளவீட்டு முறைகளின் பங்கு அதிகம். மெல்பர்னில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் இனவரைவியல் ஆய்வு மையம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நல்ல இடம் (மக்களோடு பழகி எழுதும் அந்தக் களமுறைக்குத்தான் இனவரைவியல் என்று பெயர்). இந்தியாவில் இதே பெயரில் பட்டம் தேடி அலையாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மானிடவியல் துறைகள் இருக்கின்றன. பெங்களூரு ஐஐஐடியில் டிஜிட்டல் சமூகம் பற்றிய முதுநிலைப் படிப்பு தொடங்கப்பட்டது. மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தில் ஊடகம், பண்பாடு பற்றிய முதுகலை உண்டு. என்னைக் கேட்டால், கட்டுக்கோப்பான மானிடவியல் துறையில் சேர்ந்து, களப்பணிக்கு மதிப்புத் தரும் வழிகாட்டியைப் பிடித்து, உங்கள் தலைப்பை டிஜிட்டலாக வைத்துக்கொள்வது, பளபளப்பான பெயர் கொண்ட பட்டத்தைவிட மேல். உறவுமுறை, சடங்கு, பரிசுப் பரிமாற்றம் பற்றிய பழைய பாடங்கள் இல்லாமல் குடும்ப வாட்ஸ்ஆப் குழு ஒன்றைக்கூடப் புரிந்துகொள்ள முடியாது.

பணம் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். லண்டன் கட்டணமும் வாடகையும் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரும் கடன். உதவித்தொகை இல்லாமல், வீட்டை அடகு வைத்து இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு ஏறத்தாழ இரண்டாண்டுப் பணி அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் வேண்டும், உங்களிடம் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டாண்டுகளாவது இங்கே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இடமில்லை என்று 2022இல் விதி போட்டார்கள். சொந்தச் சமூகத்தைப் பற்றி ஆராய விரும்பும் மாணவர்களைத்தான் அது நேராகத் தாக்குகிறது. அநீதியான விதி என்றே கருதுகிறேன். அந்தத் திட்டத்தில் விண்ணப்பிப்பதாக இருந்தால் அந்த ஆண்டின் அறிவிக்கையை வரிவரியாகப் படியுங்கள். படித்து முடித்து பிரிட்டனில் வேலை தேடத் தரப்படும் அவகாசமும் குறைகிறது; 2027 ஜனவரி முதல் முதுநிலை முடித்து விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்கள். அங்கே சம்பாதித்துக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கில் இறங்காதீர்கள்.

வேலை உண்டு. ஜெனிவீவ் பெல் என்ற ஆஸ்திரேலிய மானிடவியலாளர் 1998இல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்து, ஆசிய வீடுகளில் மக்கள் கருவிகளோடு எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்தார். தொழில்துறையில் இனவரைவியல் செய்பவர்களுக்கென்று 2005 முதல் 'எபிக்' மாநாடு நடந்து வருகிறது. ஒரு பொருளையோ செயலியையோ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் பயனாளர் ஆய்வாளர் என்ற பதவிக்கு இந்தப் பட்டம் பொருந்தும். சோதனைப் பிரிவு அனுபவமும் கூட இருந்தால் உங்கள் கை ஓங்கும். ஆனால் 2022க்குப் பிறகு தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்தபோது இந்தப் பதவிகளும் அடிபட்டன. அரசுசாரா அமைப்புகள், கொள்கை ஆராய்ச்சி, கற்பித்தல் என்று மற்ற வழிகளும் உண்டு. இப்போதைய சம்பளம் உடனே கிடைக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன்.

ஒரு தேவை மட்டும் வளர்ந்துகொண்டிருப்பதாக உணர்கிறேன். மேரி கிரேயும் சித்தார்த் சூரியும் 2019இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ள இணையக் கூலித் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார்கள். தானாக இயங்குவதாக நாம் நம்பும் சேவைகளுக்குப் பின்னால், படங்களைத் தரம் பிரித்தும் சொற்களைச் சரிபார்த்தும் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அவர்கள். செயற்கை நுண்ணறிவு வந்தபின் அத்தகைய வேலை நம் சிறு நகரங்கள் வரை வந்திருக்கிறது. அந்த அறைகளுக்குள் போய்த் தமிழில் பேசி, தமிழில் கேட்டு எழுத ஆட்கள் தேவை. லண்டனிலிருந்து வரும் ஆய்வாளரால் எளிதில் எட்ட முடியாத இடம் அது. உங்களால் முடியும்.

விண்ணப்பத்துக்கு முன்பு ஒரு பயிற்சி செய்யுங்கள். உங்கள் தெருவில் கியூஆர் அட்டை மாட்டியிருக்கும் காய்கறிக் கடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அட்டையை ஸ்கேன் செய்ததும் உங்கள் திரையில் ஒரு பெயர் வரும். கடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் பெயரா அது? பல கடைகளில் மகனுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கும். அப்படியானால் அவர் உழைத்த காசு யார் கணக்கில் விழுகிறது? மாலையில் மொத்த மார்க்கெட்டுக்குக் கொள்முதல் பணம் தர அவர் யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது? தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி இருந்தால் கவனியுங்கள். கை ஈரமாக இருக்கும்போது கைப்பேசியைத் தொடாமலே பணம் வந்ததை அறிய அது உதவுகிறது. பக்கத்துக் கடைக்காரருக்கும் இவருடைய வியாபாரத்தை அறிவித்துவிடுகிறது. சில வாடிக்கையாளர்களிடம் மட்டும் ரொக்கமாகக் கொடுங்கள் என்று ஏன் சொல்கிறார்? கடன் சொல்லிப் போகிறவரின் கணக்கு இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறதா?

யார், எதற்காக வருகிறீர்கள் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். கேள்விப் பட்டியல் எடுத்துப் போகாதீர்கள். வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். வீடு திரும்பியதும், தூங்குவதற்கு முன்பு எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். மறுநாளுக்கு ஒத்திப்போட்டால் அவர் சொன்ன சொற்கள் போய் உங்கள் சொற்கள் வந்து உட்கார்ந்துவிடும். பார்த்ததை ஒரு பக்கத்திலும், அதைப் பற்றி நீங்கள் நினைத்ததை எதிர்ப் பக்கத்திலும் எழுதுங்கள். ஒரு மாதம் இப்படிப் போய்வந்த பிறகும் மறுநாள் போக மனம் துடித்தால் விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கட்டுரையில், தொழில்நுட்பம் நம் வாழ்வை மாற்றிவிட்டது என்ற வகையில் தொடங்கும் வரிகள் வேண்டாம்; தேர்வுக் குழு அவற்றை நூற்றுக்கணக்கில் படித்திருக்கும். அந்தக் கடையில் கண்ட ஒன்றை நான்கு வரிகளில் எழுதி, அதிலிருந்து உங்களுக்கு எழுந்த, இன்னும் விடை தெரியாத கேள்வியைச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரிடம் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்பதை அவருடைய எழுத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடப்படும். படிப்பு தொடங்குவதோ அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில். அதனால் ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள்.